மாற்றியமைத்த மோட்டார்ச் சைக்கிளும் பெருந்தெருச் சட்டமும்

ஒரு காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களிலே மோட்டார்ச் சைக்கிளின் ஓசை கேட்டால், சின்னத்துரை வருகின்றார் என்பதே பொருள். கொழுந்தெடுப்போர் கைகள் விரையும். கங்காணியார் தலைப்பாகையைச் சரிசெய்வார். இன்று அவ்வோசை லயத்து வாசலிலிருந்தே எழுகின்றது. துரைமார்க்கே உரியதாயிருந்த ஊர்தி தொழிலாளர் மைந்தர் கைக்கு வந்தமை நாம் மகிழத்தக்க மாற்றமேயாம். ஹட்டனிலே கடைச் சிப்பந்தியாயிருப்பவரும், தலவாக்கலையிலே ஆசிரியப் பணி புரிபவரும், கொழும்பில் உழைத்துத் தீபாவளிக்கு ஊர் திரும்புபவரும் இவ்வண்டியையே நம்பியிருக்கின்றனர். ஆதலின் அதனைப் பற்றிய சட்டத்தை அறிந்துகொள்ளுதல் நம்மவர்க்கு இன்றியமையாததாகின்றது.

தமிழாசிரியராகிய நாம் இப்பொருள்பற்றி எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணமுண்டு. நம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் மடித்த தாளொன்றுடன் வீட்டுக்கு வந்தார். “சேர், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்றார். தாள் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. நமக்குத் தெரிந்த சிங்களமும் அரைகுறையே. அயல்வீட்டு நண்பரின் துணைகொண்டு வாசித்தோம். அவர்மேற் சாட்டப்பட்டவை இரண்டு. முதலாவது, வண்டியின் சைலன்சரை மாற்றியமை. அதனை அவர் தாமே செய்வித்தார். இரண்டாவது, வண்டியிலிருந்த எஞ்சினின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் உள்ள இலக்கத்தோடு பொருந்தாமை. அதனை அவர் கனவிலும் அறியார். வண்டியைப் பழையதாக வாங்கிய அன்று, முன்னையவரின் கையெழுத்திட்ட உரிமைமாற்றப் படிவத்தை மாத்திரம் பெற்றுக்கொண்டு, பெயரையும் மாற்றாது, இலக்கங்களையும் ஒத்துப்பாராது ஓட்டி வந்திருந்தார். சைலன்சருக்குத் தண்டம் கட்டியதோடு அவ்விடயம் முடிந்தது. எஞ்சின் விடயமோ மாதக்கணக்கில் இழுபட்டது. அதுகாறும் வண்டி மழையில் நனைந்து நிற்க, அவர் விடியற்காலை முதற் பஸ்ஸைப் பிடிக்க மலையிறங்கி நடந்தார்.

சத்தத்துக்காக நிறுத்தப்பட்ட வண்டி, எழுத்துக்காகச் சிறைப்பட்டது. இந்நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்து.

சட்டம் வண்டியை எவ்வாறு காண்கின்றது?

இலங்கையில் மோட்டார் ஊர்திகளைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமாகும். பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டபோதிலும் அதன் அடித்தளம் மாறவில்லை. அவ்வடித்தளம் யாதெனின், தெருவில் ஓடும் ஒவ்வோர் ஊர்தியும் பதிவுபெற்றதாய் இருத்தல் வேண்டும் என்பதே. பதிவு என்பது வண்டிக்கு ஓர் இலக்கத்தைக் கொடுப்பது மட்டுமன்று. அவ்வண்டி இன்ன வகையினது, இன்ன ஆக்கத்தினது, இன்ன நிறத்தினது, இன்ன எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் உடையது என அரசு ஏட்டில் வரைந்து வைக்கும் உருவப்படம் அது.

மாற்றியமைத்த வண்டியைத் தெருவில் ஓட்டுதல் முறையா, முறையன்றா என்னும் வினாவுக்கு விடை இதிலிருந்தே பிறக்கின்றது. மாற்றம் யாவும் குற்றமன்று. மாற்றியபின்னும் அந்த ஏட்டுப்படம் வண்டியோடு பொருந்துகின்றதா, மாற்றிய பாகம் அதற்குரிய ஒழுங்குவிதிகளுக்கு அமைகின்றதா என்னும் இரண்டையுமே சட்டம் நோக்குகின்றது. எனவே மாற்றங்களை மூன்று வகையாகப் பகுத்துக் காணலாம்.

முதல்வகை, வண்டியின் தன்மையை மாற்றாத பராமரிப்பு. தேய்ந்த சங்கிலியை மாற்றுதல், அதே அளவுள்ள புதிய டயர் பூட்டுதல், பழைய காபரேற்றர் வண்டிகளில் எரிபொருளளவைச் செப்பஞ்செய்தல் முதலியன இதில் அடங்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையிலும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. கொழும்பிற் செம்மையாய் ஓடிய காபரேற்றர் வண்டி மலையேறியதும் பெற்றோலை மிகுதியாகக் குடித்துக் கரும்புகை கக்குவதன் காரணம் இதுவே. அதனைச் சீர்செய்யும் மெக்கானிக் பிழையொன்றும் செய்யவில்லை, நன்மையே செய்கின்றார்.

இரண்டாம்வகை, ஏட்டில் உள்ளதை மாற்றும் மாற்றங்கள். எஞ்சினை மாற்றுதல், நிறத்தை மாற்றுதல், அடிச்சட்டத்தை வெட்டி ஒட்டுதல், பக்கச் சில்லுகளைப் பொருத்துதல் போன்றவை இவ்வகையின. இவற்றுட் சில, அனுமதியோடு செய்தால் முறையானவையே. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, எஞ்சின் எங்கிருந்து வந்ததென்பதைக் காட்டும் ஆவணங்களைச் சமர்ப்பித்து, வேண்டியவிடத்து மோட்டார் வாகனப் பரிசோதகரின் சோதனைக்கு வண்டியை உட்படுத்தி, பதிவைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். அங்கவீனமுற்றோர் தமக்கேற்ப வண்டியை அமைத்துக்கொள்வதும் இவ்வழியாலேயே காப்புப்பெறும். நம் மாணவர் பிழைத்தது இவ்விடத்தில். முன்னையவர் செய்த மாற்றத்துக்குப் பின்னையவர் விடை சொல்ல வேண்டியதாயிற்று.

மூன்றாம்வகை, பெருந்தெருவில் இடமே இல்லாத மாற்றங்கள். ஒலியடக்காத சைலன்சர், எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் விளக்கு, பல வண்ணங்களில் மின்னும் விளக்கு, மடித்தோ மறைத்தோ பூட்டிய இலக்கத்தகடு, குறைக்கப்பட்ட தடை என்பன இவ்வகையின. இவற்றுக்கு எவரும் அனுமதி தரமாட்டார்.

ஒலியடக்கியின் தொழில்

சைலன்சரை நாம் தமிழில் ஒலியடக்கி என்போம். அதன் தொழிலை அறிந்தால் அதனை அகற்றுவதன் விளைவும் விளங்கும். ஒற்றைச் சிலிண்டர் கொண்ட நாலடிப்பு எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலுமாயின், எரிந்த வாயு செக்கனுக்கு 50 முறை வெடித்து வெளியேறுகின்றது. ஒலியடக்கியின் உள்ளேயுள்ள அறைகளும் துளையிட்ட குழாய்களும் அவ்வதிர்வலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுத் தணித்து, வாயுவை மாத்திரம் வெளியே விடுகின்றன. அவ்வறைகளை வெட்டி எறிந்தால் வெடிப்போசை அப்படியே தெருவுக்கு வரும்.

ஒலியை டெசிபல் என்னும் அலகால் அளப்பர். அவ்வளவை கூட்டல் முறையில் ஏறுவதன்று; பெருக்கல் முறையில் ஏறுவது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 20 கூடினால் நூறு மடங்காகும். “கொஞ்சந்தான் சத்தம் கூடியிருக்கு” என்பாரின் பேச்சை இவ்வளவையோடு ஒட்டிப் பார்த்தல் நன்று. அன்றியும் மலைநாடு சமவெளி போன்றதன்று. இருபுறமும் மலை நிற்க, நடுவே பள்ளத்தாக்கில் தெரு வளைந்து செல்லுமிடத்தில் ஓசை மோதித் திரும்புகின்றது. இரவு ஒரு வண்டி எழுப்பும் ஒலி அக்கரை லயத்திலும் குழந்தையை எழுப்பும். காலை முதல் மாலை வரை கொழுந்துக்கூடை சுமந்து திரும்பிய தாய்க்குக் கிடைத்த சில மணி நேர உறக்கம் அது.

சத்தம் மிகுந்தால் வலுவும் மிகும் என்பது இளைஞரிடையே பரவிய பெரும் மயக்கம். எஞ்சினை அமைத்தோர் அதன் வாயுப்போக்குக்கும் எரிபொருளளவுக்கும் இசைவாகவே ஒலியடக்கியை அமைத்துள்ளனர். ஒன்றை மாத்திரம் மாற்றினால் அவ்விசைவு குலையும்; பெரும்பாலும் கூடுவது ஓசையேயன்றி வலுவன்று. புகையும் கூடலாம். இந்நாட்டிலே 2008 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வாகனப் புகைப் பரிசோதனையிற் சித்தியெய்தாத மோட்டார்ச் சைக்கிளுக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது என்பதையும் நினைவிற்கொள்க.

விளக்கும் தடையும் மலைத்தெருவும்

அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா செல்லும் ஏ7 நெடுஞ்சாலையை அறிந்தவர்க்கு மூடுபனியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. பனித்துளிகள் ஒளியைச் சிதறடித்து ஓட்டுபவரின் கண்ணுக்கே திருப்பிவிடும். ஆதலின் மிகுந்த வெள்ளொளி பாய்ச்சும் விளக்கைப் பூட்டியவர் பனியில் மிகுதியாகக் காண்பதில்லை; தம்முன் ஒரு வெண்சுவரையே காண்கின்றார். எதிரே வருபவரோ ஒன்றையும் காணார். வளைவின் ஓரமாய் நடந்து செல்லும் பள்ளிப் பிள்ளை இவ்விருவர்க்கும் இடையில் அகப்படுகின்றது.

பற்சக்கரத்தை மாற்றி வேகத்தைக் கூட்டுவதும் இங்கே வழக்கமாகி வருகின்றது. பின்சில்லின் பற்சக்கரம் சிறிதானால் சமதரையில் விரைவு கூடலாம். ஆனால் இறக்கத்தில் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும் வலு குறையும். அப்போது சுமை முழுவதும் தடையின்மேல் விழும். நெடிய இறக்கத்தில் ஓயாது அழுத்தப்பட்ட தடை சூடேறிச் செயலிழக்கும். வேகம் இரட்டித்தால் வண்டி நிற்பதற்கு வேண்டிய தடைத்தூரம் நான்கு மடங்காகும் என்பது பௌதிகவியல் கூறும் உண்மை. முன்சில்லை மாற்றியவர்க்கு இன்னுமோர் இடருண்டு. பல வண்டிகளில் வேகமானி முன்சில்லின் சுழற்சியைக்கொண்டே கணக்கிடுகின்றது. பெரிய சில்லைப் பூட்டினால் அது உள்ள வேகத்திற் குறைத்தே காட்டும்.

மலைச்சரிவு பிழையைப் பொறுப்பதில்லை என்பதை நாம் அழுது அறிந்திருக்கின்றோம். 2023 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் நாள் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் மாணவரை ஏற்றிவந்த பஸ்ஸொன்று வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் 7 உயிர்கள் மாண்டன. அது மோட்டார்ச் சைக்கிள் விபத்தன்று. எனினும் அத்தகைய இறக்கத்தில் தடை எத்துணை இன்றியமையாதது என்பதை உணர அதனினும் வேறு பாடம் வேண்டா.

தோட்டப் பாதை பெருந்தெருவா?

“இது தோட்டத்து ரோட்டுத்தானே, இங்கே என்ன சட்டம்?” என்பது நாம் பலகாலும் கேட்கும் வினா. தோட்டப் பாதை கம்பனியின் பொறுப்பில் இருக்கலாம். தார் காணாத கற்பாதையாயும் இருக்கலாம். ஆயினும் பெருந்தெரு என்னும் சொல்லுக்குச் சட்டம் கொள்ளும் பொருள் விரிந்தது. அரசு தார் போட்டதா என்பதன்று வினா. பொதுமக்கள் போய்வர உரிமையோ இசைவோ பெற்ற இடமா என்பதே வினா. லயத்துக்கும் பாடசாலைக்கும் கோயிலுக்கும் தோட்ட வைத்தியசாலைக்கும் மக்கள் நாள்தோறும் செல்லும் வழியை, சட்டத்துக்கு அப்பாற்பட்ட தனிநிலமென எண்ணுதல் பேதைமை. தோட்டப் பாதையிலே நடைபாதையும் இல்லை, விளக்குமில்லை. நடப்போர்க்குக் காவலாய் உள்ளது ஓட்டுபவரின் நிதானம் ஒன்றே.

காப்புறுதி

தண்டப்பணம் பெரிய இழப்பன்று. பெரிய இழப்பு பிறிதோரிடத்தில் ஒளிந்திருக்கின்றது. மூன்றாந் தரப்பினர்க்கு நேரும் தீங்குக்குக் காப்புறுதி இன்றி வண்டியைத் தெருவில் ஓட்டுதல் கூடாதென்பது சட்டம். காப்புறுதி என்பது நம்பிக்கையின்மேல் எழுந்த உடன்படிக்கை. இன்ன வண்டி எனச் சொல்லி ஒப்பமிட்டு, வேறொரு வண்டியை ஓட்டுவோமாயின், தீங்கு நேர்ந்த வேளையில் நிறுவனம் அதனைச் சுட்டிக்காட்டி நமது இழப்பைக் கொடுக்க மறுக்கவும், கொடுத்ததை நம்மிடம் மீளக் கேட்கவும் வாதிட இடம் பிறக்கும். குடும்பத்தின் ஒரே உழைப்பாளி காலொடிந்து கிடக்கும் வேளையில் அவ்வாதம் எழுமாயின், அதனைத் தாங்கும் வலு எந்த லயத்தில் உண்டு? இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அவருள் மோட்டார்ச் சைக்கிளில் சென்றோரே பெருந்தொகையினர்.

அண்மைக்கால நடவடிக்கைகள்

2025 ஆம் ஆண்டு ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டம் தொடங்கியதை அடுத்து, பஸ்கள், முச்சக்கரவண்டிகள் முதலியவற்றிற் பூட்டப்பட்ட மேலதிக பாகங்களை அகற்றுவிக்கப் பொலிசார் முற்பட்டனர். உரிமையாளர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவே, அவற்றைக் கழற்றுவதற்குக் கால அவகாசம் வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் பேரொலி எழுப்பும் சைலன்சர், ஹோர்ன், வண்ண விளக்கு முதலியவற்றுக்கெதிராக நாடளாவிய நடவடிக்கை மீண்டும் தொடங்கிற்று.

அயல்நாட்டு நிலையும் இதுவே. இந்தியாவிலே 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த விவரங்களோடு பதிவுச் சான்றிதழ் முரண்படும்வண்ணம் வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதனையே உறுதிப்படுத்திற்று.

சட்டத்தை மதிக்க வேண்டுமெனக் கூறும் நாம், அதனைச் செயற்படுத்துவோரிடமும் ஒன்று கேட்க உரிமையுடையோம். தமிழும் இந்நாட்டின் அரசகருமமொழி என்பது 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தால் அரசியலமைப்பில் இடம்பெற்றுள்ளது. தமிழ்பேசும் மக்கள் பெரும்பான்மையாய் வாழும் நுவரெலியா மாவட்டத்திலே, தன்மேற் சாட்டப்பட்ட குற்றம் யாதென அறிய ஓர் இளைஞன் ஆசிரியர் வீட்டுக் கதவைத் தட்ட நேருமாயின், குறை அவனுடையது மாத்திரமன்று. விளங்காத எழுத்து அச்சத்தைத் தரும்; மதிப்பைத் தராது.

விரைவுக்கு உரிய இடம்

இளைஞர்க்கு விரைவில் வேட்கை இருத்தல் இயல்பு. அவ்வேட்கைக்கும் இம்மலைநாடே இடமளித்துள்ளது. நுவரெலியாவை அடுத்த மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலே 1934 ஆம் ஆண்டில் தொடங்கிய மலையேற்ற ஓட்டப் போட்டி புகழ்பெற்றது. அங்கே மாற்றியமைத்த வண்டிகள் ஓடுகின்றன, அது குற்றமன்று. ஏனெனின் அவ்வேளை பாதை மூடப்பட்டிருக்கும். வண்டி முன்னரே சோதிக்கப்பட்டிருக்கும். ஓட்டுபவர் தக்க கவசம் அணிந்திருப்பார். வைத்திய உதவியும் அணித்தே இருக்கும். அத்தனை ஏற்பாடுகளுக்கிடையிலும் இடர் நேர்வதுண்டு. 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில் கார் ஒன்று தடம்விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்தமையால் 7 பேர் மாண்டனர். காவல் வைத்த களத்திலேயே இவ்வாறாயின், காவலற்ற பொதுத்தெருவைக் களமாக்குதல் எத்தன்மைத்து என்பதை மாணவர் எண்ணிப் பார்ப்பாராக.

இளைஞரை மாத்திரம் கடிந்து முடித்தல் நீதியாகாது. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், மோட்டார்ச் சைக்கிளின் விலை உழைப்பாளர் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. 2025 ஆம் ஆண்டு பெப்ருவரியில் அத்தடை தளர்த்தப்படும் வரை, பழைய வண்டிகளின் உறுப்புகளைக் கோத்து ஒரு வண்டியாக்கி ஓட்டியோர் பலர். அவருட் பலரைத் தூண்டியது பகட்டன்று; வறுமை. அத்தகைய வண்டிகள் இன்றும் கைமாறிக் கைமாறி வருகின்றன. ஆதலின் வாங்குவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

முடிவாக

நம் பழைய மாணவர்க்கும் பயிலும் மாணவர்க்கும் நாம் கூற விரும்புவன சில. பழைய வண்டியை வாங்குமுன் எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழோடு உங்கள் கண்ணாலேயே ஒத்துப் பாருங்கள். வாங்கியவுடன் பெயரை மாற்றுங்கள். எஞ்சினோ நிறமோ மாற்ற நேர்ந்தால் மெக்கானிக்கிடம் செல்லுமுன் திணைக்களத்தில் வினவுங்கள். ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பேணுங்கள். சைலன்சரை மாற்றியிருப்பின், எவரும் மறிக்குமுன் நீங்களே பழையதைப் பூட்டிவிடுங்கள். பின்னிருப்பவர்க்கும் தலைக்கவசம் வேண்டும். பின்னிருப்பவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும். தோட்டப் பாடசாலைகளிற் கற்பிக்கும் பழைய மாணவர் இவற்றை ஒரு பாடவேளையிலாவது தமிழில் எடுத்துரைப்பாராயின், அது மாணவர்க்குப் பெருந்துணையாகும்.

வள்ளுவர் அடக்கமுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை நாம் வகுப்பிலே மனம், மொழி, மெய் என்பவற்றுக்கு உரியதாகக் கூறி வருகின்றோம். ஒலியடக்கி என்னும் சொல்லிலும் அவ்வடக்கம் இருத்தலை இப்பொழுதுதான் உணர்ந்தோம். அடங்கிச் செல்லும் வண்டி வலுவற்றதன்று. தன் வலு தெருவில் நடக்கும் பிறரை அச்சுறுத்தாமல் அதனை ஆளக் கற்றது.

நம் மாணவர் தமது வண்டியை இறுதியில் மீட்டுக்கொண்டார். பதிவும் அவர் பெயரில் ஏறிற்று. சென்ற மாதம் ஒரு மாலை அவர் வந்திருந்தார். வண்டி வாசலில் வந்து நின்றதை நாம் அறியவில்லை. “சேர்” என்று அவர் அழைத்த பின்னரே எழுந்து வெளியே வந்தோம்.